கலக்கருவில் நீள் குறியிலா ஆர்.என்.ஏ.யின் பணிகள்

பரம்பரையலகின் செய்தி ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, கருவை விட்டு வெளியேறிப் புரதமாகின்றது என்பதே உயிரியலிற் பல காலம் நிலவிய கருத்தாகும். ஆயின் மனித டி.என்.ஏ.யில் புரதத்துக்குரிய குறிகளைக் கொண்ட பகுதி நூற்றில் இரண்டு பங்கிலும் குறைவானது. எஞ்சியதிற் பெரும்பாலானதை 1972இல் சுசுமு ஓனோ 'குப்பை' என்றார். அப்பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ. தோன்றுகின்றது. 200 நியூக்கிளியோதைட்டுகளிலும் நீண்டு, புரதமாகாதவற்றை நீள் குறியிலா ஆர்.என்.ஏ. என்பர். இவற்றுட் பல கருவினுள்ளேயே தங்குகின்றன. அவற்றின் தொழில் யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

நெடுங்கேணியிற் கனிந்த வாழைக்குலையைச் சூழும் சிற்றீக்களை ஒத்த பழ ஈயே இதற்குச் சிறந்த சான்று தந்தது. வெப்பமுற்ற ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்களிற் புடைப்புகள் தோன்றுவதை 1962இல் ரித்தோசா கண்டார். அவற்றுள் '93டி' என்னும் புடைப்பு மட்டும் பென்சமைட்டால் தனித்துத் தூண்டப்படுவதை 1970இல் லகோத்தியாவும் முகர்ஜியும் காட்டினர். அதன் ஆர்.என்.ஏ. கருவினுட் புரதங்களைப் பிணைத்து நுண்புள்ளிகளாக அமைவதை 2000ஆம் ஆண்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் லகோத்தியா குழுவினர் வெளிப்படுத்தினர்.

இப்புரதங்கள் ஏனைய ஆர்.என்.ஏ.க்களைப் பக்குவப்படுத்துவன. வெப்பத்தால் அவ்வேலை தடைப்படும்போது அவை 93டியில் ஒதுக்கி வைக்கப்படுகின்றன. வெப்பந் தணிந்ததும் விடுவிக்கப்படுகின்றன. விதைப்புக் காலம் முடிந்ததும் கலப்பையைக் கொட்டிலிற் சேர்த்து, மாரி தொடங்க மீண்டும் எடுக்கும் வன்னிக் கமக்காரனின் செயலை இது ஒக்கும்.

சேமித்தல் ஒரு பணியாயின், அடக்குதல் மற்றொன்று. 1991இல் அறியப்பட்ட 'சிஸ்ட்' ஆர்.என்.ஏ., பெண் பாலூட்டிகளின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றைப் போர்த்தி, அடக்கும் புரதங்களை அங்கு திரட்டுகின்றது. அதனால் அந்நிறமூர்த்தத்தின் பெரும்பாலான பரம்பரையலகுகள் செயலற்றுப் போகின்றன. மூன்றாவது பணி கட்டமைத்தலாகும். 'நீட்1' ஆர்.என்.ஏ. சில கருவுடல்களுக்குச் சட்டகமாக அமைவது 2009இல் நிறுவப்பட்டது.

எனினும், படியெடுக்கப்படுவன யாவும் தொழிலுடையன என முடிவு செய்தலும் தவறாகும். கருவில் மிகுதியாகக் காணப்படும் 'மலாட்1' நீக்கப்பட்ட எலிகள் ஆய்வுகூடத்தில் இயல்பாகவே வாழ்ந்தமை 2012இல் அறியப்பட்டது. 'குப்பை' என்று தள்ளுவதும், 'புதையல்' என்று போற்றுவதும் சோதனைக்கு முன் கூறப்படும் தீர்ப்புகளே. ஒன்றை நீக்கி, விளைவைக் கண்டு, பின்னரே அதன் பயனை உரைத்தல் வேண்டும். உடனடிப் பயன் புலப்படாத ஓர் ஈயின் புடைப்பைப் பல தசாப்தங்களாகத் தொடர்ந்து ஆராய்ந்தோரின் உழைப்பே இத்துறைக்கு வழி திறந்தவற்றுள் ஒன்றென்பதை, ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர் மறத்தலாகாது.