ஆம்ப்ளிபயர் வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்!



எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் பெருமுக்கலில் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஏம்பா, வீட்டுல பாட்டு கேக்க ஒரு செட்டு வாங்கணும், எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே நான் சொல்வதை அப்படியே நம்பி, காசைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டதன் விளைவே இக்கட்டுரை.

முதலில், ஆம்ப்ளிபயர் என்னதான் செய்கிறது? செல்போனிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ வருவது மிகச் சிறிய சிக்னல். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அதனால் சரியாக அசைக்கக்கூட முடியாது. ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்குகிறது என்று சொல்கிறோம். உண்மையில், கரண்டு கம்பத்திலிருந்து வரும் சக்தியை அந்தச் சிக்னலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி திறந்தும் மூடியும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஏரி மதகு மாதிரி! மதகைத் திருகுவது ஒரு ஆளின் கைதான். ஓடுவது ஏரித் தண்ணீர். ஏரியில் இல்லாத தண்ணீர் மதகில் வராது.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். எப்படி என்கிறீர்களா? கடையில் ஒரு செட்டின் முன்பக்கம் 5000 வாட்ஸ் என்று பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அதே பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். 230 வோல்ட், 60 வாட்ஸ் என்று போட்டிருக்கும். உள்ளே 60 வாங்கி வெளியே 5000 கொடுக்கும் பெட்டி உலகத்தில் கிடையாது. (முதுகில் சராசரியை மட்டும் போடும் கம்பெனிகளும் உண்டு, கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு நொடிப்பொழுதுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்கும். அதற்காக 60 எங்கே, 5000 எங்கே!) பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. எனவே நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதுவும் எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்பதையும் சேர்த்து.

சரி, வீட்டுக்கு எத்தனை வேண்டும்? நான் சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கிச் செய்த செட்டையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டி.டி.ஏ. 2030 ஐ.சி., ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மர். 12 வோல்ட் ஏ.சி.யைத் திருத்தி கெபாசிட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 16 வோல்ட் டி.சி. வரும். ஐ.சி. தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, பாட்டு ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதும் போக, ஸ்பீக்கருக்குக் கிடைப்பது உச்சத்தில் 12 வோல்ட். ஆர்.எம்.எஸ். கணக்கில் 8.5. அதை அதனாலேயே பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 9 வாட்ஸ். அவ்வளவுதான்! "ஒம்போதா?" என்று என் மாமா சிரித்தார். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட்ஸ் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் அளவுக்குச் சத்தம் தரும். பத்துக்குப் பத்து அறையில் அதுவே காதை நிரப்பும். நம் காது விசித்திரமானது. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். 9 வாட்ஸை 18 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காசு மட்டும்தான் இரட்டிப்பாகும்.

அப்படியானால் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஊரே அதிரக் கட்டும் குழாய் ரேடியோ? அந்தப் புனல் ஒரே வாட்ஸில் 100 டெசிபலைத் தாண்டிக் கத்தும். அதன் திறமை ஆம்ப்ளிபயரில் பாதி, புனலில் பாதி. ஆனால் அது பேச்சுக்கு ஏற்ற கருவி. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. புனலோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. இளையராஜா பாட்டுகளைச் சின்ன வயதிலிருந்து புனலில் கேட்டவன் நான். அடியில் பாஸ் கிட்டார் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டு போகிறது என்பதை இந்த 9 வாட்ஸில்தான் முதலில் கேட்டேன். (மைக் செட்டு ஆம்ப்ளிபயரில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். வீட்டு ஸ்பீக்கரை அதில் மாட்டிவிடாதீர்கள், காயில் கருகிவிடும்.)

அடுத்து டோன் கண்ட்ரோல். பெரிய ஹை-ஃபை ரசிகர்கள் பாஸ், டிரெபிள் திருகுகளே கூடாது, பதிவு செய்ததை அப்படியே கேட்க வேண்டும் என்பார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அப்பா இருபது வருடமாகக் கல் குவாரியில் வேலை. வெடிச் சத்தமும் டிரில்லர் சத்தமும் காதில் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை இருப்பதும் அந்த மேல் பகுதியிலேயே. "சத்தம் கேக்குது தம்பி, வார்த்தைதான் வெளங்கல" என்பார். அதற்காகத்தான் அவர் அந்த 5000 வாட்ஸ் செட்டைத் தவணையில் வாங்கப் பார்த்தார். வால்யூமை ஏற்றினால் வார்த்தை தெளியாது; இருக்கிற காதும் போகும். வாரம் 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வால்யூமை இறக்கி, டிரெபிளை மட்டும் மணி இரண்டு இருக்கும் இடத்துக்குத் திருகினேன். அப்பா ஒரு முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "இந்தப் பாட்டுல இப்படியா எழுதியிருக்கு!" என்றார். 1952-ல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட சர்க்யூட் அது. இன்றும் கடைகளில் விற்கும் டோன் போர்டு பலவற்றில் அதுதான் இருக்கிறது.

இப்போது தீப்பெட்டி அளவில் கிளாஸ்-டி போர்டுகள் வந்துவிட்டன. சூடு குறைவு, கரண்டும் மிச்சம். நல்ல சாமான்தான். ஆனால் டி.பி.ஏ. 3116 போர்டில் 50+50 வாட்ஸ் என்று போட்டிருப்பது 21 வோல்ட்டும் 4 ஓமும் இருந்தால், அதுவும் 10 சதவீதம் பிசிறோடு. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் உள்ளே போவதே 24 வாட்ஸ். மறுபடியும் ஏரியும் மதகும்தான்!

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டு போங்கள். முதலில் பாட்டே போடாமல் வால்யூமைப் பாதி வைத்து ஸ்பீக்கரில் காதை வையுங்கள். உம்ம்ம் என்று இரைந்தால் வேறு செட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக வைத்துக் கேளுங்கள். சத்தமாக வைத்தால் எல்லா செட்டும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

வீட்டில் மாட்டும்போது ஸ்பீக்கர் வயரின் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்று மாறினாலும் ஒரு கூம்பு முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும், பாஸ் காணாமல் போய்விடும். ஸ்பீக்கரில் குறி அழிந்துபோயிருந்தால், வயரையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ட் டார்ச் செல்லை முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.