'நன்று' என்ற குறிப்பும் நழுவிய பதவியுயர்வும்

அரச ஊழியர் ஒருவரின் ஓராண்டுப் பணியை மேலதிகாரி சில சொற்களில் மதிப்பிட்டுக் கோவையிலிடும் ஆவணமே செயலாற்றுகை மதிப்பீட்டு அறிக்கையாகும். அதிலுள்ள பாதகமான குறிப்பை ஆட்சேபிக்க ஊழியருக்கு உரிமையுண்டு என்பதைப் பொதுவாக எவரும் மறுப்பதில்லை. ஆனால், பாதகமான குறிப்பு எது? இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் அளித்த விடையை நம்மவர்களும் அறிந்திருத்தல் நன்று.

இந்திய எல்லைப்புற வீதிகள் அமைப்பில் கடமையாற்றிய பொறியியலாளர் ஒருவர் அடுத்த தரப் பதவியுயர்வுக்குக் காத்திருந்தார். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்கும் 'மிக நன்று' என்ற தரம் வேண்டப்பட்டது. 1993-94 ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்ததோ 'நன்று' மாத்திரமே. அது அவருக்கு அறிவிக்கப்படவும் இல்லை. அவருக்குக் கனிஷ்டமானவர்கள் பதவியுயர்வு பெற்றனர்.

'நன்று' என்பது பாதகமான குறிப்பல்ல. எனவே அறிவிக்க வேண்டிய அவசியமில்லை என்று அரச தரப்பு வாதிட்டது. கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். பாராட்டே தண்டனையாகும் விந்தை அலுவலகக் கோவைகளில் மட்டுமே நிகழக்கூடியது. சொல்லை அன்றி அதன் விளைவையே நோக்க வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், எந்தத் தரமாயினும் ஊழியருக்கு அறிவிக்கப்பட வேண்டும், அதற்கெதிராக முறையிட அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அறிவிக்காது விடுவது சமத்துவ உரிமையை மீறும் எதேச்சாதிகாரம் எனவும் கண்டது. அதற்குள் அப்பொறியியலாளர் ஓய்வு பெற்றிருந்தார். முறையீடு ஏற்கப்பட்டால் ஓய்வூதியத்தையும் நிலுவையையும் வட்டியுடன் வழங்குமாறே பணிக்க முடிந்தது. 2013 இல் மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு இத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

இத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. எனினும், இங்கும் பதவியுயர்வு மறுக்கப்பட்டவருக்கு வழிகள் அடைக்கப்படவில்லை. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரம் கையளிக்கப்பட்ட உத்தியோகத்தர் எடுத்த தீர்மானத்துக்கெதிராக அவ்வாணைக்குழுவிடமும், ஆணைக்குழுவின் தீர்மானத்துக்கெதிராக 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையிடமும் மேன்முறையீடு செய்யலாம். பாரபட்சம் காட்டப்பட்டிருப்பின், அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

ஆயினும், உயர் நீதிமன்றத்தை நாடுவதற்குரிய காலம் ஒரு மாதம் மாத்திரமே. அறிக்கையில் எழுதப்பட்டதை அறியாத ஊழியர் அதைத் தேடி அலைவதற்குள்ளேயே அம்மாதம் கழிந்துவிடலாம். தமது கோவையிலுள்ள மதிப்பீட்டின் பிரதியைக் கோருவதற்கு 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்று துணையாகவுள்ளது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் கொள்ளப்படாது. மறுப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த திகதியை அன்றே குறித்து வைப்பவர்களுக்கே இவ்வழிகள் பயன்படும்.