மண்தடத்தில் பாயும் சிறு வண்டிகள்

கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனத்தார் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.சி.10 என்னும் வானொலிக் கட்டுப்பாட்டு வண்டி, மண்தடப் பந்தயத்திற்கென்றே வகுக்கப்பெற்றது. அதன் வழிவந்த பந்தய டிரக்குகள், உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவினவே. எனினும் அவற்றைச் செப்பனிடுவதில் பௌதிகப் பாடம் பல அடங்கியுள்ளன.

மோட்டார் தண்டிலுள்ள பற்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டினால் உச்சவேகம் மிகும். பளுவும் ஏறி மோட்டார் சூடேறும். புதியவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். மோட்டார் கருகுவதும் பெரும்பாலும் இதனால்தான். சில நிமிடங்கள் ஓட்டி, வெப்பத்தை அளந்த பின்னரே அடுத்த பல்லைக் கூட்டுதல் வேண்டும்.

தாவி விழுகையில் அடித்தட்டு நிலத்தில் அறையுமாயின், அதிர்வுதாங்கிகளில் தடித்த சிலிகோன் எண்ணெய் இடப்பெறும். சிறு மேடுபள்ளங்களில் சக்கரம் துள்ளுமாயின் மெல்லிய எண்ணெயே ஏற்றது. இவ்விரண்டிற்கும் இடையே தடத்திற்குத் தக்கதைத் தேர்வதே திறமை.

யாவற்றினும் வியப்புக்குரியது தாவலே. அந்தரத்தில் வண்டியின் மூக்குத் தாழ்ந்தால் ஓட்டுபவர் மோட்டாரை முடுக்குகின்றார். சக்கரங்கள் முன்னோக்கி விரைந்து சுழல, வண்டியின் உடல் எதிர்த்திசையில் திரும்பி மூக்கு எழுகின்றது. பிரேக் இட்டால் மூக்குத் தாழும். கோண உந்தம் மாறாமையே இதன் காரணம். பெரிய சக்கரங்களையுடைய டிரக்கில் இவ்விளைவு கண்ணுக்கு நன்கு புலப்படும்.

லிதியம் மின்கலத்தில் மட்டும் சோதனை கூடாது. கலமொன்று 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் கெடும். உப்பிய கலத்தை மீண்டும் மின்னேற்றினால் தீப்பற்றக்கூடும்.