பின்சீட்டில் பேசுவது கேட்குதா? பைக் இன்டர்காம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஈசிஆரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் போகிறீர்கள். பின்சீட்டில் இருக்கும் மனைவி ஏதோ சொல்கிறார். ‘என்னது? கேட்கல!’ என்று தலையைத் திருப்புகிறீர்கள். 60 கி.மீ. வேகத்தில் பைக் ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி திரும்பினால், 33 மீட்டர் தூரத்தை சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். அவர் சொல்ல வந்தது, ‘கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, தலை சுத்துது’ என்பதாகக்கூட இருக்கலாம்.

ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம் உதவுவது இங்கேதான். ஆனால் வாங்கப் போனால் ‘1 கி.மீ. ரேஞ்ச்’, ‘மெஷ்’, ‘15 பேர் பேசலாம்’ என விளம்பரங்கள் குழப்பும். ஒரே பைக்கில் போகும் இருவருக்கு இதில் எது தேவை?

புளூடூத்தா, மெஷ்ஷா?

புளூடூத் வகையில் ஒரு கருவி அடுத்த கருவியோடு நேரடியாக இணையும். நான்கு பேர் என்றால் சங்கிலி மாதிரி கோக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் தொடர்பு அறுந்துவிடும். மெஷ் வகையில் ஒருவர் விலகினாலும், மற்ற கருவிகள் தாமாகவே வேறு வழியில் இணைந்துகொள்ளும். கார்டோ பேக்டாக், சேனா 50எஸ் போன்றவை இந்த வகை. விலையும் அதிகம்.

ஓட்டுபவர் ஹெல்மெட்டுக்கும் பின்னால் இருப்பவர் ஹெல்மெட்டுக்கும் ஒரு மீட்டர் இடைவெளிகூட இருக்காது. அதனால் ரேஞ்சுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சாதாரண புளூடூத் இன்டர்காமே போதும். வார இறுதியில் நண்பர்களோடு கூட்டமாக ரைடு போகிறவர் என்றால் மட்டும் மெஷ் பற்றி யோசிக்கலாம்.

ஜோடியாக வாங்குங்க

இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருப்பது நல்லது. வேறு வேறு நிறுவனக் கருவிகளை ‘யுனிவர்சல் இன்டர்காம்’ வசதி மூலம் இணைக்கலாம்தான். ஆனால் அப்போது எதிர்க் கருவியை ஒரு போன் என்றே உங்கள் கருவி எடுத்துக்கொள்ளும். சில வசதிகளை இழக்க வேண்டிவரும். இரண்டு கருவிகள் சேர்ந்து வரும் பேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

மைக், ஸ்பீக்கர்

முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்டுக்கு, தாடைப் பகுதியில் ஒட்டும் சின்ன ஒயர் மைக் சரிவரும். திறந்த வகைக்கும் முன்பகுதி தூக்கும் வகைக்கும் தண்டு மைக் வேண்டும். மாற்றி வாங்கினால் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஸ்பீக்கர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு அங்குலம் தள்ளியிருந்தாலும் குரல் தெளிவாக வராது.

கருவியைப் பொருத்த ஹெல்மெட்டில் ஓட்டை போடாதீர்கள். அதன் வலிமை குறையும். கிளிப் அல்லது ஒட்டும் பட்டையே போதும். மழையிலும் ஓட்டுபவர் என்றால் ஐபி67 தரம் பாருங்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் அர்த்தம்.

வசதி வேறு, கவனம் வேறு

பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். ஆக, இன்டர்காம் பட்ஜெட்டில் பின்சீட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

85 டெசிபலுக்கு மேலான சத்தத்தை நாள்கணக்கில் மணிக்கணக்காகக் கேட்டால் செவித்திறன் பாதிக்கும். காற்றுச் சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகாமல், வைசரை மூடி வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வரும் லாரியின் ஹாரன் எப்போதும் கேட்க வேண்டும்.

போன் அழைப்புகளைப் பின்சீட்டில் இருப்பவரின் கருவியோடு இணைத்துவிடுங்கள். ஓட்டுபவர் காதில் வழிகாட்டும் மேப் குரல் மட்டும் ஒலித்தால் போதும்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒருநாள் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பின்னால் இருப்பவரை, வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் நிறுத்துங்க’ என்பது திரும்பிப் பார்க்காமலே கேட்டதா? அப்படியென்றால் அதை வைத்துக்கொள்ளலாம். கேட்கலையா, விலை எவ்வளவு என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.