சுகாதாரத்தில் சமத்துவமும் ஒப்புரவும்

சுகாதாரமும் உடற்கல்வியும் – க.பொ.த (சாதாரண தரம்)

மாணவர்களே, இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கருதி விடை எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். முதலில் வேறுபாட்டை அறிவோம்.

சமத்துவம்: எல்லோருக்கும் ஒரே சேவையை ஒரே அளவில் வழங்குதல்.
ஒப்புரவு: அவரவர் தேவையையும் தடையையும் அறிந்து, எல்லோரும் நல்ல சுகாதார நிலையை அடையக்கூடியவாறு சேவையை ஒழுங்குசெய்தல்.

உதாரணம்: தாய் சேய் கிளினிக் ஒன்று வாரநாளில் காலை 9 மணிக்கு நடைபெறுகிறது எனக் கொள்வோம். கட்டணம் இல்லை, எவரும் வரலாம். இது சமத்துவம். பட்டினத்துத் தாய் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயோ பல கிலோமீற்றர் நடக்க வேண்டும். அன்றைய நாட்சம்பளத்தையும் இழக்க வேண்டும். சேவை ஒன்றே, பயன் ஒருவருக்கே கிடைக்கிறது. அதே கிளினிக்கை மாதம் ஒருமுறை தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடத்தினால் தடை நீங்கும். இதுவே ஒப்புரவு.

சராசரி மட்டும் போதாது

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100 இற்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரத்தை அடையவில்லை. பெருந்தோட்டத் துறையில் இது ஏறத்தாழ 32 ஆகும். நாட்டின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இதற்குத் "தாயின் கவனக்குறைவு" எனக் காரணம் எழுதாதீர்கள். குறைந்த வருமானம், நெருக்கமான லயன் அறைகள், பாதுகாப்பான நீரும் மலசலகூடமும் போதாமை, கர்ப்பகாலப் போசணைக் குறைபாடு என்பனவே அடிப்படைக் காரணங்கள்.

அன்றாடப் பணியில் ஒப்புரவு

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அதன் வழிவந்தவை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடிச் செல்வது இம்முறையின் சிறப்பாகும். இப்பணியில் ஒப்புரவைப் பேணும் வழிகள்:

1. கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டுமன்றி, வராதவர்களையும் பட்டியலிட்டு வீட்டிற்குச் சென்று காரணம் அறிதல்.
2. மக்களின் வேலைக்கும் போக்குவரத்துக்கும் ஏற்ப நேரத்தையும் இடத்தையும் தீர்மானித்தல்.
3. அவர்களது மொழியில் எளிமையாக விளக்குதல்.
4. நிறை, உயரம், தடுப்பூசி பற்றிய தரவுகளைக் கிராமம், தோட்டம் எனப் பிரித்து நோக்குதல்.
5. நீர், மலசலகூட வசதிகளுக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபை, தோட்ட நிருவாகம் ஆகியோருடன் இணைந்து செயற்படல்.

இவ்வழி பயன் தரும் என்பதற்கு மலேரியா ஒழிப்பு நல்ல சான்று. வைத்தியசாலை தொலைவிலுள்ள கிராமங்களுக்கு நடமாடும் மலேரியா கிளினிக்குகள் சென்று இரத்தப் பரிசோதனை செய்தன. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. பின்தங்கிய கிராமங்களை விட்டிருந்தால் இது கைகூடியிராது.

மாதிரி வினா

"இலவச சுகாதார சேவை இருந்தும் எல்லோரும் சம பயன் பெறுவதில்லை." விளக்குக.

விடைக் குறிப்பு: சமத்துவம், ஒப்புரவு இரண்டையும் வரையறுக்க. தூரம், சம்பள இழப்பு, மொழி ஆகிய தடைகளைக் காட்டுக. ஒவ்வொரு தடைக்கும் எதிரே அதனை நீக்கும் நடவடிக்கை ஒன்றை எழுதுக. தடைகளை மட்டும் எழுதினால் விடை பாதியே.