பாரவண்டிகளில் பியூஸ் போதல்: காரணமும் பரிகாரமும்

விருதுநகர் ஜில்லாவின் கரிசற் பூமியில் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், மல்லி முதலியன பயிர் செய்யும் குடியானவர்கள் முன்னாளில் விளைபொருளைச் சந்தை சேர்க்க மாட்டு வண்டியையே நம்பியிருந்தனர். மஹிந்திரா பிக்கப் வண்டிகளோடு 2005-ல் டாட்டா ஏஸும், 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்தும் வந்து சேர்ந்தபின், சூலக்கரை முதலிய கிராமங்களில் சிறு பாரவண்டியும் விவசாயக் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. எனினும் மாட்டின் நோயை முகம் பார்த்தே சொல்லவல்ல குடியானவர், வண்டியின் நோயை அறிந்துகொள்ள அவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வண்டிகளில் ஓட்டுநர் எதிரிலுள்ள பலகையில் 12 வோல்ட் சாக்கெட் ஒன்று உண்டு. ஆதியில் சிகரெட் பற்றவைக்க ஏற்பட்ட இத்துவாரம், இன்று செல்போன் சார்ஜ் செய்யவும், டயருக்குக் காற்றடிக்கும் சிறு யந்திரத்தை ஓட்டவும், இரவில் களத்தில் கைவிளக்கு எரிக்கவும் பயன்படுகிறது. இது ஒரு நாள் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிடும். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அதை உயிர்ப்பிக்கக் கையாளும் குறுக்கு வழியே வண்டியையும் சரக்கையும் ஒருங்கே எரித்துவிட வல்லது.

பியூஸ் என்பது மின்சாரம் செல்லும் வழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பலவீனமான இடம். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் அதனுள் இருக்கும் மெல்லிய தகடு முதலில் உருகி அறுந்து, வயரைக் காப்பாற்றுகிறது. வாய்க்காலுக்குத் தாங்காத வெள்ளம் வரும்போது வரப்பு உடையாதிருக்க வைக்கும் கலிங்கு போன்றது இது. ஆகையால் பியூஸ் போயிற்று என்றால், அது தன் கடமையைச் செய்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். போனதன் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இதை உணராதவர்கள் செய்வது யாதெனில், வீட்டுப் பீஸ் கட்டையில் கம்பி சுற்றும் பழக்கத்தால், வண்டியிலும் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செருகிவிடுவது. அல்லது 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸை வைப்பது. சாக்கெட் உடனே வேலை செய்யும், மனமும் திருப்தியடையும். ஆனால் இனி ஒரு கோளாறு நேர்ந்தால் உருகப்போவது பியூஸ் அன்று, பலகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வயரே. 12 வோல்ட்டுதானே, என்ன செய்துவிடும் என்பார் உண்டு. அது கையில் ஷாக் அடிப்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் வயர்கள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்கிட்டால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொடுக்கும். வயர் செக்கச்சிவந்து, மேலுறை பற்றிக்கொள்ளும். பின்னால் ஏற்றியிருப்பது காய்ந்த பருத்தியோ, சோளத்தட்டையோ, சிவகாசி அச்சகங்களுக்கு வாடகைக்கு ஏற்றிய காகிதமோ ஆனால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு, மருந்து முதலியவற்றை 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இன்றி ஏற்றலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் வண்டிக்காரர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

இனிப் பரீட்சை செய்யும் முறை. முதலில் சார்ஜரை வேறொரு வண்டியில் போட்டுப் பார்க்க வேண்டும்; பல சமயங்களில் குற்றம் சார்ஜரிலேயே இருக்கும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால்தான் சாக்கெட்டுக்கு மின்சாரம் வரும் என்பதையும் மறக்கலாகாது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, டார்ச் விளக்கால் துவாரத்தின் உள்ளே பார்க்க வேண்டும். நடுவிலுள்ள முனை நேர் மின்முனை; சுற்றுச் சுவர் எதிர் மின்முனை. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே விழுந்து இரண்டையும் தொட்டால் அக்கணமே பியூஸ் போகும். வண்டியில் சில்லறை போடும் குழிவு பெரும்பாலும் இத்துவாரத்தின் அருகிலேயே அமைந்திருப்பது, செய்தவர்களின் யோசனைக் குறைவென்றே சொல்ல வேண்டும். நாணயத்தை மரக்குச்சியால் எடுக்கலாம்; இரும்பு ஊசி கூடாது.

பியூஸ் பெட்டி வழக்கமாகப் பலகையின் அடியில் ஒன்றும், என்ஜின் பக்கம் பாட்டரியருகே ஒன்றும் இருக்கும். எந்தப் பியூஸ் எதற்கு என்பது மூடியின் உட்புறத்திலோ வண்டியோடு வந்த கைப்புத்தகத்திலோ காட்டப்பட்டிருக்கும். நிறத்தாலும் அளவை அறியலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. கண்ணால் பார்த்து நல்லதென்று தீர்மானிப்பது போதாது. மயிரிழை போன்ற பிளவு தெரியாது. 12 வோல்ட் டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைத் துருவில்லாத சேசிஸ் போல்ட்டில் மாட்டி, சாவியைத் திருப்பி, பியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளையும் மற்ற முனையால் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிடில் மின்சாரமே அங்கு வந்து சேரவில்லை. ரிலேயையோ பெரிய பியூஸையோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

போனதை அதே ஆம்பியர் உள்ள புதியதால் மாற்றி, சாக்கெட்டில் எதையும் செருகாமல் சாவியைத் திருப்ப வேண்டும். உடனே மறுபடியும் போனால் வயரிலோ சாக்கெட்டிலோ குறுக்கீடு உண்டு. மூன்றாவது பியூஸைப் பலியிடுவது வீண். காற்றடிக்கும் யந்திரத்தை மாட்டிய பின்பே போகுமாயின் அதன் சுமை அதிகம். 15 ஆம்பியர் பியூஸ் 12 வோல்ட்டில் 180 வாட்டுக்கு மேல் நெடுநேரம் தாங்காது. மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானின் இறங்கிப்போன பாட்டரியை இந்தச் சாக்கெட்டில் நேரே இணைப்பதும் இவ்வாறே பியூஸைப் போக்கக்கூடும். அதை அதற்குரிய சார்ஜரில் போடுவதே முறை.

பியூஸ் நன்றாயிருந்தும் சாக்கெட் வேலை செய்யாவிடில் எர்த் இணைப்பைச் சந்தேகிக்கலாம். டெஸ்ட் விளக்கை நடு முனைக்கும் சேசிஸுக்கும் இடையே வைத்தால் எரிந்து, நடு முனைக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே வைத்தால் எரியாவிட்டால் குற்றம் அதுவே. கரிசல் தூசியும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்து அந்தக் கறுப்பு வயரின் முனையைத் துருப்பிடிக்கச் செய்திருக்கும். பாட்டரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி முடுக்கினால் சாக்கெட் மீண்டும் வேலை செய்யும்.