வளையும் கோல், நீளும் நரம்பு

அமெரிக்காவில் தூண்டில் சாமான் விற்கும் பெரிய கடைக்குள் நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கக் கோல்கள் நிற்கும். ஒன்றை எடுத்துக் கைப்பிடிக்குச் சற்று மேலே பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், நரம்பு 12–20 பவுண்டு, இரை 3/8–1 அவுன்ஸ். விலைச்சீட்டைப் பார்க்கிற பலர் இந்த வரியைப் படிப்பதில்லை. பாஸ் மீனுக்கு எந்தக் கோல், எந்த ரீல், எந்த நரம்பு (தூண்டில் நூல்) என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த வரியில் இருக்கிறது. மீதிப் பாதி மீனின் வாயில் இருக்கிறது.

பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதி ஏரிகளுக்கும் மெதுவாக ஓடும் ஆறுகளுக்கும் சொந்தமான மீன். பெயருக்கேற்ற வாய், மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். பாசி ஓரத்திலோ மூழ்கிய மரத்தடியிலோ அசையாமல் காத்திருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் சட்டென்று விரிக்கும். வாய்க்குள் இடம் திடீரென்று பெருகுவதால் தண்ணீர் பாய்ந்து உள்ளே போகும். அதோடு இரையும் போகும். எல்லாம் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் முடிந்துவிடும். உள்ளே போனது உணவில்லை என்று தெரிந்தால் அதே வேகத்தில் வெளியே உமிழ்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில்தான் முள் தைக்க வேண்டும்.

ஆகவே கைக்கும் வாய்க்கும் நடுவில் இருக்கும் சாமான் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். இரையை மீன் உறிஞ்சும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும். முள்ளை ஏற்றும்போது விறைப்பாக நிற்க வேண்டும். இளக்கம் மூன்று இடங்களில் இருந்து வரலாம்: கோல் வளைவதால், நரம்பு நீள்வதால், ரீலில் இருக்கும் டிராக் வழுக்கி நரம்பை விடுவதால். மூன்றும் விறைப்பாக இருந்தால் முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அல்லது முடிச்சு அறும். மூன்றும் இளக்கமாக இருந்தால் முள் ஏறவே ஏறாது. நல்ல கோல், நல்ல ரீல், நல்ல நரம்பு என்று தனித்தனியே வாங்கிச் சேர்ப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இளக்கத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை முடிவு செய்வது இரையும் அதன் முள்ளும்தான். எனவே தேர்வை இரையிலிருந்து தொடங்க வேண்டும். கோலிலிருந்து தொடங்கக் கூடாது.

கிராங்க்பெய்ட் என்ற பொய்யிரையை எடுத்துக்கொள்வோம். சிறு மீன் உருவம், முகத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, வயிற்றிலும் வாலிலும் தலா ஒரு மும்முள். இழுத்தால் ஆடிக்கொண்டே முங்கி ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாஸ் பாய்ந்து கவ்வும். மும்முள்ளின் கம்பி மெல்லியது. ஏறுவதற்கு அதிக விசை தேவையில்லை, ஆனால் ஆழமாகவும் ஏறுவதில்லை. விறைப்பான கோல் இங்கே கெடுதல். மீன் வாயை மூடுவதற்குள் இரையைப் பிடுங்கிவிடும். தைத்த முள்ளையும் மீன் தலையை உதறும்போது கிழித்தெடுத்துவிடும். நடுப்பகுதி வரை வளைகிற, கண்ணாடியிழை கலந்த கோல் ஒரு கணம் தாமதிக்கும். அந்தத் தாமதம்தான் வேண்டியது.

இதற்கு நேர் எதிர், டெக்சாஸ் ரிக். கூம்பு வடிவ ஈயம், அதற்குக் கீழே பிளாஸ்டிக் புழு, புழுவின் உடலுக்குள் முனை புதைந்த ஒற்றை முள். முனை வெளியே தெரியாததால் மரக்கிளையில் மாட்டாது. ஆனால் மீன் எடுத்ததும் அந்த முள் முதலில் புழுவைத் துளைத்து, பிறகு தாடையைத் துளைக்க வேண்டும், கம்பியும் தடிமன். இங்கே நரம்பின் நீட்சி எதிரி. 30 மீட்டர் நரம்பு வெளியே கிடக்கிறது, அது 10 சதவீதம் நீள்கிறது என்றால் 3 மீட்டர் காணாமல் போகிறது. கோலை முழு வீச்சில் பின்னால் இழுத்தாலும் நுனி நகர்வது ஏறக்குறைய 2 மீட்டர்தான். நீங்கள் இழுத்ததில் பெரும்பகுதி நரம்பு நீள்வதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் இந்த வகைக்கு நீட்சி குறைந்த நரம்பும், நுனிப் பக்கம் மட்டும் வளைந்து கீழே விறைப்பாக நிற்கும் கோலும்.

இப்போது கோலின் மேல் இருந்த வரிக்கு வருவோம். 'மீடியம் ஹெவி' என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்கிறது. 'ஃபாஸ்ட்' என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பதைச் சொல்கிறது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு. மாடரேட் என்றால் பாதி வரை. ஸ்லோ என்றால் கைப்பிடி வரை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் இந்தச் சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய மீடியம் ஹெவி. நான் முதலில் பார்ப்பது இரையின் எடை எண்ணைத்தான். வீசும்போது கோலை வளைத்து அதில் ஆற்றலைச் சேர்ப்பது இரையின் எடை. 3/8 அவுன்ஸ் முதல் 1 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 11 முதல் 28 கிராம் வரை என்று எழுதிய கோலில் 4 கிராம் இரையைக் கட்டினால் கோல் வளையாது. வளையாத கோல் எதையும் எறியாது.

கோல்கள் ஒரு காலத்தில் மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழை வந்தது. 1970களில் கார்பன் இழை வந்தது. கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடியிழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, எடையும் குறைவு. லேசான நுனி, சீண்டலைக் கைக்கு உடனே கடத்துகிறது. பாஸ் சில நேரம் புழுவை எடுத்ததே ஒரு சிறு தட்டலாகத்தான் தெரியும். அதை உணர்த்துவதில் கார்பனுக்கு இணையில்லை. ஆனால் விறைப்பு கூடக் கூட உடையும் குணமும் கூடுகிறது. மீன் படகை ஒட்டி வந்ததும் கோலைச் செங்குத்தாகத் தூக்கினால் முழு பாரமும் மெல்லிய நுனிப் பகுதியில் விழும். விலை உயர்ந்த கோல்கள் ஒடிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இடிக்கும்போதும், மேலே மின்கம்பி ஓடும் இடத்திலும் அதை உயர்த்திப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து.

ரீலில் இரண்டு குடும்பங்கள் முக்கியம். பாஸ்காரர்களுக்குப் பிரியமானது பெய்ட்காஸ்டர். இதன் மூதாதையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்பு சுற்றிய ஸ்பூல் பலமுறை சுற்றும்படி பல்சக்கரங்கள் அமைத்தார். வீசும்போது இரை இழுக்க, ஸ்பூலே சுழன்று நரம்பை விடும். இதில்தான் தலைவலி. இரை புறப்பட்ட கணத்தில் அதிக வேகத்தில் இருக்கும். காற்று அதை மட்டுப்படுத்திக்கொண்டே போகும். ஸ்பூலோ எடுத்த வேகத்திலேயே சுழலப் பார்க்கும். வெளியே போவதைவிட அதிக நரம்பை ஸ்பூல் அவிழ்த்துவிட, ரீலுக்குள் சிக்கு விழுந்து குவிந்துவிடும்.

அதைத் தடுக்கக் கட்டைவிரல்தான் முதல் பிரேக். அடுத்தது மையவிலக்கு பிரேக்: ஸ்பூலோடு சுழலும் சிறு கட்டைகள் வெளிப்பக்கம் விலகி ஒரு வளையத்தில் உரசும். மூன்றாவது காந்த பிரேக், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் காந்தத்துக்கு அருகே அலுமினிய ஸ்பூல் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். தொடாமலே பிடிக்கும் பிரேக். வேகம் கூடினால் பிடியும் கூடும். ஜப்பானின் ஷிமானோ ஒரு படி மேலே போய், ஸ்பூல் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து, சிறு கணிப்பொறிச் சில்லு ஒன்று பிரேக்கை ஆளும் ரீலைக் கொண்டுவந்தது. அதற்கு பேட்டரியே தேவையில்லை.

மற்றது ஸ்பின்னிங் ரீல். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் நெசவாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இலிங்வர்த் 1905இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஆலையில் பாபினின் முனை வழியாக நூல் வளையம் வளையமாகக் கழன்று போவதுபோல, இதில் ஸ்பூல் அசையாமல் நிற்க நரம்பு மட்டும் கழன்று போகும். சுழற்ற வேண்டிய எடை எதுவும் இல்லாததால் 5 கிராம் இரையும் நன்றாகப் பறக்கும். கனமான நரம்புக்கும் பாசிக்குள்ளிருந்து இழுத்தெடுக்கும் முரட்டு வேலைக்கும் பெய்ட்காஸ்டர். மெல்லிய நரம்புக்கும் லேசான இரைக்கும் ஸ்பின்னிங். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

ரீலில் 5:1, 7:1 என்று எழுதியிருப்பது பல்சக்கர விகிதம். சைக்கிள் கியரைப் போலத்தான்: வேகம் கூடினால் இழுவிசை குறையும். நீரின் எதிர்ப்பை நிறையத் தாங்கி இழுக்க வேண்டிய கிராங்க்பெய்ட்டுக்கு 5:1 போதும். கோலால் இரையை அசைத்துவிட்டுத் தொய்ந்த நரம்பைச் சட்டென்று சுருட்ட வேண்டிய டெக்சாஸ் ரிக்குக்கு 7:1 உதவும்.

நரம்பைத்தான் மக்கள் கடைசியில் அவசரமாக வாங்குகிறார்கள். உண்மையில் அதிகம் யோசிக்க வேண்டியது அதைத்தான். 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய நைலான், பட்டு நூலின் இடத்தைப் பிடித்தது. நம் கடற்கரையில் தங்கூசி என்றழைக்கப்படும் ஒற்றை இழை அதுதான். அது நீளும், தண்ணீரை உறிஞ்சி இன்னும் இளகும், முடிச்சு நன்றாக நிற்கும், விலையும் குறைவு. அடர்த்தி 1.14 என்பதால் மெதுவாகவே மூழ்கும்.

ஃபுளோரோகார்பன் என்பது பாலிவினைலிடீன் ஃபுளோரைடு. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. தண்ணீரில் மறைந்துபோகும் என்று விளம்பரம் செய்வார்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42; நைலானுக்குச் சுமார் 1.53. நைலானைவிடக் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்பது சரி. மறையும் என்பது மிகை. நான் அதற்குப் பணம் கொடுப்பதென்றால் வேறு இரண்டு காரணங்களுக்காகக் கொடுப்பேன்: அடர்த்தி 1.78 என்பதால் விரைந்து மூழ்குகிறது. கல்லிலும் மரத்திலும் உரசினால் தாங்குகிறது. மேற்பரப்பில் மிதந்து ஆடும் இரைக்கு இதே குணம் பாதகம். நரம்பு மூழ்கி இரையின் மூக்கைக் கீழே இழுத்துவிடும்.

மூன்றாவது, மிக நீண்ட பாலிஎத்திலீன் மூலக்கூறுகளால் ஆன இழைகளைப் பின்னிய நரம்பு. அடர்த்தி 0.97, மிதக்கும். 30 பவுண்டு வலுவுள்ள பின்னல் நரம்பு 8 பவுண்டு நைலானின் தடிமனில் இருக்கும். நீட்சி ஏறக்குறைய இல்லை. பாசி மெத்தைக்கு மேல் ரப்பர் தவளையை இழுத்து மீன் பிடிப்பவர்கள் 50, 65 பவுண்டு பின்னல் நரம்பைப் போடுவது மீனின் எடைக்காக அல்ல. பாஸ் வெடித்துக்கொண்டு மேலே வந்து தவளையை விழுங்கியதும் மறுபடி பாசிக்குள் புகும். பல கிலோ பாசி அதன் தலையில் சுற்றும். அந்த மெல்லிய, நீளாத நரம்பு பாசித் தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் இளக்கம் இல்லாத நரம்பைப் போட்டவர் அதைக் கோலிலோ டிராக்கிலோ ஈடுகட்ட வேண்டும். தவளைக்காரரோ முள் தடிமனாக இருப்பதால் துணிந்து எல்லாவற்றையும் விறைப்பாகவே வைக்கிறார்.

விலை உயர்ந்த சாமான் பெரிய மீனைத் தரும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், சுமார் 10 கிலோ. அப்போது நைலானே கிடையாது. 77 ஆண்டு கழித்து 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஒரு அவுன்ஸ் கூட அதிகமில்லை. உலக சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வித்தியாசம் வேண்டும் என்பது விதி என்பதால், இருவர் பெயரும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. (ஜப்பானுக்கு இந்த மீன் 1925இல் கொண்டுவரப்பட்டது. உள்ளூர் மீன்களை அது தின்று தீர்ப்பதால், உயிரோடு எடுத்துச் செல்வதை அந்நாட்டுச் சட்டம் இப்போது தடை செய்கிறது. மீனை அதன் நாட்டை விட்டு நகர்த்தியதன் விலை அது.)

சாமான் மாற்றுவது மீனின் அளவை அல்ல, மீன் படும் பாட்டை. அமெரிக்காவில் பாஸ் போட்டிகளை வளர்த்த ரே ஸ்காட் 1972இல், பிடித்ததைக் கொல்லாதீர்கள் என்று பிரச்சாரம் தொடங்கினார். இன்று அங்கே பெரும்பாலான பாஸ் மீன்கள் திரும்ப நீரில் விடப்படுகின்றன. அளவுக்கு மீறி மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் போராடும் மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கோடையில் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜனும் குறைவு. விட்ட பிறகும் அது பிழைக்காமல் போகலாம். விடுவதற்காகப் பிடிப்பவர் போதுமான வலுவுள்ள சாமானோடு வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

முதன்முதலாக ஒரே ஒரு செட் வாங்குபவருக்கு: 7 அடி மீடியம், ஃபாஸ்ட் ஸ்பின்னிங் கோல், நடுத்தர ரீல், 8 அல்லது 10 பவுண்டு நைலான். நரம்பின் நீட்சி பழகாத கையின் பதற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். டிராக்கை நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வையுங்கள். 10 பவுண்டு என்றால் சுமார் 3 பவுண்டு. நரம்பு முனையை ஒரு கொக்கித் தராசில் மாட்டி இழுத்தால் எத்தனையில் வழுக்கத் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நரம்பு இறுகும்போது உரசல் சூட்டில் வலு இழக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரல் நகங்களுக்கு நடுவே ஓடவிடுங்கள். சொரசொரவென்று தட்டினால் அந்தத் துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, முள்ளைப் புதிதாகக் கட்டுங்கள்.